கூப்பிடும் முன்னே வந்த வண்டி

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அவளைச் சர்வர் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சர்வர் கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் வேலைக்கு அவள் சேர்ந்த புதிதில், ஃபோன் எடுக்கும் பெண்களில் ஒருத்தி, "சர்வர், ரெண்டு டீ" என்று குரல் கொடுத்தாள். அறையே சிரித்தது. இவள் மேசைக்கு அடியிலிருந்து தலையை நீட்டி, "டீதான் சூடா இருக்கணும், சர்வர் சூடாகக் கூடாது. ஏசியை யார் அணைச்சது?" என்றாள். பெயர் ஒட்டிக்கொண்டது. கூடவே கொஞ்சம் பயமும்.

எந்திரங்கள் ஒழுங்காக ஓடும்வரை அவள் ஒருத்தி இருப்பது யாருக்கும் நினைவு வராது. அந்த எந்திரங்களிலும் நேரத்தை மட்டும் அவள் தன் சொந்தப் பொறுப்பாக எடுத்துக்கொண்டிருந்தாள். யாராவது ஃபோன் செய்தால் அழைப்பு ஒரு கம்ப்யூட்டரில் பதிவாகும். வண்டியை அனுப்புவது இன்னொன்று. வண்டி வாசலில் போய் நின்றதைக் குறித்துக்கொள்வது மூன்றாவது. மூன்றும் ஒரே நேரத்தைச் சொன்னால்தான் வண்டி சீக்கிரம் போனதா, தாமதமா என்ற பேச்சுக்கே அர்த்தம் உண்டு. ஆனால் கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கடிகாரம் மலிவான கைக்கடிகாரத்தைவிட மேலானது இல்லை. தன்போக்கில் விட்டால் நாளுக்குச் சில நொடி நழுவும். அதனால் ஒவ்வொன்றும் தனக்கு மேலே இருப்பதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். அது தனக்கும் மேலே இருப்பதை. எல்லாவற்றுக்கும் உச்சியில் எங்கோ, நிஜமாகவே நேரம் தெரிந்த ஒன்று.

"ரெண்டு கடிகாரம் ஒத்துப்போச்சுன்னு சந்தோஷப்படாதீங்க சார்" என்று மேனேஜரிடம் ஒருமுறை சொன்னாள். "பக்கத்துல பக்கத்துல உக்காந்த ரெண்டு பசங்களுக்கும் ஒரே தப்பு வந்திருந்தா என்ன அர்த்தம்? யாரு யாரைப் பாத்து எழுதினாங்கன்னு மொதல்ல கேக்கணும்."

"போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டிய ஆளும்மா நீ" என்றார் மேனேஜர்.

வீட்டில் நேரம் வேறு மாதிரி. அப்பா லேத் பட்டறையில் இருந்து ஓய்வு பெற்றவர். சுவர்க் கடிகாரத்தைப் பத்து நிமிடம் வேகமாக வைத்திருப்பார், பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு கிளம்பட்டும் என்று. அது பத்து நிமிடம் வேகம் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் மனதுக்குள் பத்தைக் கழித்துக்கொண்டு சாவகாசமாகக் கிளம்புவார்கள். பிள்ளைகள் வளர்ந்து, பள்ளிக்கூடமெல்லாம் முடிந்து, அவளுக்குத் தலை நரைக்கத் தொடங்கிய பிறகும் அப்பா அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

தம்பிக்கு வீட்டில் லேட்டு என்று பெயர். டாக்டர் சொன்ன தேதிக்கு இரண்டு வாரம் கழித்துப் பிறந்தவன். அம்மாதான் ஆரம்பித்து வைத்தாள். பரீட்சைக்கு லேட்டு, பஸ்ஸுக்கு லேட்டு, பெண் பார்க்கப் போன இடத்துக்கும் லேட்டு. "அவன் வந்துட்டான்னா எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், கிளம்புங்க" என்பார் அப்பா. அவனும் சேர்ந்து சிரிப்பான். ஒரு நாற்காலிக் கடையில் டெலிவரி வேலை பார்த்தான். அங்கேயும் அதே பெயர் எப்படியோ போய்ச் சேர்ந்திருந்தது.

அப்பா விழுந்த அன்று மாலை வீட்டில் அவன் மட்டும்தான். அம்மா சித்தப்பா வீட்டுக்குப் போயிருந்தாள். குளியலறை பல்பு ஃப்யூஸ் ஆகிவிட்டது என்று அப்பா சொல்ல, வாங்கிவரக் கீழே போனான். திரும்பி வந்தபோது அப்பா குளியலறை வாசலில் கிடந்தார். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டான். அந்த அழைப்பு அக்கா வேலை பார்க்கும் அறைக்குத்தான் வந்தது. அவளுக்கு நான்கு மேசை தள்ளி இருந்தவள் அதை எடுத்தாள். முகவரியைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்தாள். இவள் அப்போது மேசைக்கு அடியில் ஒரு கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தாள். காதில் விழவில்லை.

"பத்து நிமிஷம் முன்னாடி கொண்டுவந்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம்" என்றார் டாக்டர். எல்லாரிடமும் சொல்வதைப் போலத்தான் சொன்னார். அவள் அதை எல்லாரையும் போலக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறு வாரம் வேலைக்குப் போனதும் அந்த அழைப்பை எடுத்துப் பார்த்தாள். வண்டி உடனே கிளம்பியிருந்தது. எட்டு நிமிடத்தில் வாசலில் நின்றிருந்தது. தன் பக்கத்தில் குறை இல்லை. அப்படியானால் அந்தப் பத்து நிமிடம் மறுபக்கத்தில்தான் எங்கோ போயிருக்க வேண்டும். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம், கீழ்வாசல் கேமராவில் அன்று மாலை பதிவானதைக் கேட்டாள். அவர் ஒரு பென் டிரைவில் போட்டு வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

"இதுல ஓடுற நேரம் சரிதானா சார்?"

"கேட்டுல இருக்கற கம்ப்யூட்டரும் இதுவும் நொடி பிசகாம ஒண்ணும்மா. இப்பத்தான் பாத்துட்டு வர்றேன்."

அவள் தலையாட்டினாள். வேறெந்த நாளாக இருந்தாலும் அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பாள்.

தம்பி வெளியே போனான். திரையில் கார்கள் வந்தன, ஒரு நாய் படுத்தது, எழுந்தது. தம்பி கையில் பல்புப் பெட்டியோடு திரும்பி வந்தான். வாசலில் காவல்காரரிடம் ஏதோ சொல்லிச் சிரித்துவிட்டு உள்ளே போனான். மூலையில் ஓடிய நேரத்தைக் குறித்துக்கொண்டாள். பதிவு இன்னும் நீளமாக இருந்தது. அந்த மீதியில் அப்பாவை ஸ்ட்ரெச்சரில் வைத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். அவளால் அதைப் பார்க்க முடியாது. நிறுத்திவிட்டாள். பென் டிரைவை ஸ்க்ரூடிரைவர் டப்பாவுக்குள் போட்டு மூடினாள்.

அவன் உள்ளே நுழைந்ததற்கும் ஃபோன் செய்ததற்கும் நடுவே பதினெட்டு நிமிடம் இருந்தது.

சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்த ஒரு மதியம் கேட்டாள். எல்லார் முன்னாலும்தான் கேட்டாள்.

"பதினெட்டு நிமிஷம்டா. மூணு மாடி ஏற எவ்வளவு நேரமாகும்? மீதி நேரம் என்ன பண்ணிட்டிருந்த?"

"வந்த உடனே பண்ணேன்கா."

"நான் ஆபீஸ்ல பாத்தாச்சு. அங்க நேரம் தப்பா இருக்காது, அது நான் வெச்சது. கேமராவும் பாத்தாச்சு. அப்ப ரெண்டு மிஷினும் சேந்து பொய் சொல்லுதா?"

அவன் சுவரைப் பார்த்தான். அப்பாவின் கடிகாரம் பத்து நிமிடம் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. "உடனே பண்ணேன்னுதான் நெனைக்கறேன்" என்றான்.

"நெனைக்கறியா?" என்றார் சித்தப்பா.

அம்மா அவன் முகத்தைப் பார்க்கவில்லை. "இதுக்குமா லேட்டு?" என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. அந்த வாரமே அவன் போய்விட்டான். அம்மா படுக்கையை விட்டு எழுந்து வாசல்வரை வரவில்லை. ஊருக்கு மறுகோடியில் ஒரு லாண்டரியில் வேலை பார்ப்பதாகவும், அதற்கு மேலேயே ஓர் அறையில் இருப்பதாகவும் பிறகு சித்தி சொன்னாள்.

வருடம் ஒன்று முடியப் போகும் சமயத்தில், கட்டுப்பாட்டு அறைக்கு அடுத்த தெருவில் இன்னொரு கூடம் பிடித்து, வண்டிகளைக் கவனிக்கும் பிரிவை அங்கே மாற்றினார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் இரண்டு புது சர்வர் வைத்துக் கொடுத்தார். இரண்டு மாதம் போனது. ஒருநாள் காலை மேனேஜர் இரண்டு காகிதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக்கொண்டு வந்தார்.

"என்னம்மா இது? போன வாரம் மூணு எடத்துல, கூப்பிடறதுக்கு முன்னாடியே வண்டி போய் நிக்குது."

ஃபோன் எடுக்கும் பெண் திரும்பிப் பார்த்தாள். "நம்ம டிரைவர் அண்ணனுக்கு ஜோசியம் தெரியும் சார். ஆளு விழப்போறாருன்னு முன்னாடியே போய் வாசல்ல நின்னுருப்பாரு."

"அப்ப உன் வேலை போச்சு" என்றார் மேனேஜர். "ஃபோனே வேண்டாமே."

இவளும் சிரித்தாள். பழைய கூடத்தின் கடிகாரத்தை முதலில் பார்த்தாள். சரியாக இருந்தது. புதுக் கூடம் ஏழு நிமிடம் பின்னால் இருந்தது. அங்கிருந்து வெளியே நேரம் கேட்டுப் பார்த்தாள். பதில் வரவில்லை. வெளித்தொடர்பைக் காவல் காக்கும் ஃபயர்வாலை மாற்றியபோது அந்த வழியை அடைத்துவிட்டார்கள் என்று புரிந்தது. ஒப்பந்தக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"வேலையை முடிக்கறப்ப நேரம் பாத்தீங்களா?"

"பாக்காம இருப்பனா மேடம்? போன வாரம்கூட வந்து பாத்தேனே. ரெண்டு சர்வரும் நொடி பிசகாம ஒண்ணா ஓடுது."

"ஒண்ணா ஓடும். முதலாவது எதைக் கேட்டு ஓடுது?"

"ரெண்டாவதை."

"ரெண்டாவது?"

"முதலாவதை" என்றார்.

அவள் ஃபோனை வைக்கவில்லை. அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். உடனே ஆள் அனுப்புவதாகச் சொன்னார். நொடி பிசகாம. அவள் இதை வேறொரு வாயால் கேட்டிருந்தாள். அன்று தன் வீட்டு வாசலில் நின்று தலையாட்டியது நினைவுக்கு வந்தது.

"மேடம்? இருக்கீங்களா?"

"இருக்கேன்" என்றாள்.

அடைத்த வழியைத் திறந்துவிட்டாள். ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் கடிகாரத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. நடுவில் ஏழு நிமிடம் இல்லாமலே போய், அந்த நேரத்தில் ஓடும் வண்டிகளின் கணக்கெல்லாம் குழம்பிவிடும். ஒவ்வொரு நொடியையும் துளித் துளியாகக் குறுக்கி, தெரியாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். சில நாள் பிடிக்கும். அதற்கு வேண்டியதைச் செய்துவிட்டு, தலைவலி என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

குடியிருப்பின் வாசலில் காவல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவருடைய கூண்டுக்குள், சுவரைப் பார்த்தபடி அந்தக் கம்ப்யூட்டர் இருந்தது. தூசி படிந்த திரையில் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். கிட்டத்தட்ட அரை மணி நேரம் பின்னால்.

"இது தப்பா ஓடுறது தெரியுமா?"

"நாங்க அந்தப் பக்கமே திரும்பறதில்லம்மா. ஆளு வந்தா ஒரு பட்டனை அமுக்குவோம். மாத்து ஆளு வந்தா நான் வீட்டுக்குப் போவேன், அதான் எனக்கு நேரம்."

அந்தக் கம்ப்யூட்டர் எதைக் கேட்டு ஓடுகிறது என்று பார்த்தாள். கேமராப் பெட்டியைக் கேட்டு. கேமராப் பெட்டி இந்தக் கம்ப்யூட்டரைக் கேட்டு. பொருத்திய நாளில் இணைய இணைப்பு வந்திருக்காது. வந்தவன் இரண்டையும் ஒன்றோடு ஒன்று கோர்த்துவிட்டுப் போயிருக்கிறான். அன்றிலிருந்து இரண்டும் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்லப் பின்னால் போயிருக்கின்றன. ஒரு வருடத்துக்கு முன்னால் எவ்வளவு பின்னால் இருந்திருக்கும் என்று மனக்கணக்குப் போட்டாள். வழியில் விட்டுவிட்டாள். கணக்கே தேவையில்லை. வீட்டில் அந்தப் பென் டிரைவ் இருந்தது.

அம்மா சமையலறையில் இருந்தாள். இவள் அறைக் கதவைச் சாத்திவிட்டு ஸ்க்ரூடிரைவர் டப்பாவைத் திறந்தாள்.

தம்பி பல்புப் பெட்டியோடு வந்தான். சிரித்தான். உள்ளே போனான். அன்று நிறுத்திய இடத்தில் இன்று நிறுத்தவில்லை. காவல்காரர் கொட்டாவி விட்டார். ஒரு பெண் பால் பாக்கெட்டோடு போனாள். அப்புறம் தம்பி செருப்பில்லாமல் ஓடி வந்தான். கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவைத்துவிட்டுத் திரும்ப உள்ளே ஓடினான். வண்டி வந்து நின்றது. மூலையில் ஓடிய நேரத்தைப் பார்த்தாள். அவன் ஃபோன் செய்ததாக அவளுடைய ஆபீஸ் சொன்ன நேரத்துக்கு எட்டு நிமிடம் முன்னதாக அந்த வண்டி வந்திருந்தது.

கூப்பிடும் முன்னே வந்த வண்டி. யார் பார்த்திருந்தாலும் கேமராவின் நேரம் தப்பு என்று சொல்லியிருப்பார்கள். அவன் உள்ளே போனதிலிருந்து வண்டி வந்தது வரை அந்தப் பதிவிலேயே எண்ணிப் பார்த்தாள். பத்து நிமிடம். அதில் வண்டிக்கு எட்டு. மூன்று மாடி ஏற இரண்டு. மீதி எதுவும் இல்லை.

ஸ்ட்ரெச்சர் வந்தது. அப்பாவின் ஒரு கால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதைப் போர்வைக்குள் எடுத்துவைத்தபடியே கூட ஓடினான். அவள் கடைசிவரை பார்த்தாள்.

அம்மாவிடம் அன்றே சொன்னாள். அடுப்பைப் பார்த்தபடி அம்மா கேட்டுக்கொண்டாள்.

"அந்தக் கேமரா பதினாறு நிமிஷம் பின்னாடி ஓடியிருக்கும்மா. அவன் வந்த உடனேதான் கூப்பிட்டிருக்கான்."

"அன்னைக்கும் ஒரு கணக்கு சொன்ன."

"அது தப்பும்மா. என் தப்புதான்."

"இது சரியா?"

"சரிம்மா."

"அன்னைக்கும் சரின்னுதான் சொன்ன" என்றாள் அம்மா. அடுப்பை அணைத்தாள். பாத்திரத்தை இறக்கிவைத்துவிட்டு, "ஒரு தாயி, புள்ள மூஞ்சியப் பாத்து நம்பியிருக்கணும். நான் உன் டப்பாவ நம்புனேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லாண்டரிக்குப் போனாள். ஆறு மெஷின் வரிசையாக ஓடிக்கொண்டிருந்தன. ஈரமும் சோப்பும் சூடான துணியும் கலந்த வாடை. தம்பி ஒரு போர்வையை மடித்துக்கொண்டிருந்தான். இளைத்திருந்தான். அவளைப் பார்த்ததும், "அம்மாவுக்கு ஒண்ணுமில்லயே?" என்று கேட்டான்.

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்காங்க."

ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். மெஷின் சத்தத்துக்கு மேலே அவள் சொல்ல வேண்டியிருந்தது. கேமராப் பெட்டியைப் பற்றி, கேட்டில் இருக்கும் கம்ப்யூட்டரைப் பற்றி, இரண்டும் ஒன்றையொன்று கேட்டுக்கொண்டு ஓடியதைப் பற்றி. வரும் வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தாள். இப்போது வார்த்தைகள் முன்னும் பின்னுமாக வந்தன. அவன் மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீ உடனே பண்ணிட்டடா. அந்தப் பதினெட்டு நிமிஷம் கிடையவே கிடையாது."

"இருந்துச்சுக்கா" என்றான்.

"என்னது?"

"நான் உக்காந்திருந்தேன். அப்பா கையப் புடிச்சிட்டு. குழாய்ல தண்ணி சொட்டிட்டிருந்துச்சு. எழுந்து போய் நிறுத்திட்டு, திரும்ப வந்து உக்காந்தேன். பல்புப் பெட்டி மடியிலயே இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"அது வண்டி வர்ற வரைக்கும் உக்காந்திருப்ப. கூப்பிட்ட பின்னாடி."

"இல்லக்கா. அதுக்கு முன்னாடி." அவன் குரலில் கோபம் இல்லை. வாடிக்கையாளருக்குத் துணி எப்போது கிடைக்கும் என்று சொல்வதைப் போலச் சொன்னான். "மொதல்ல எனக்கும் உடனே கூப்பிட்ட மாதிரிதான் இருந்துச்சு. அப்புறம் நீ சொன்ன. நேர விஷயத்துல நீ தப்பா சொல்லமாட்டியே. அப்ப எங்க போச்சு அந்த நேரம்னு யோசிச்சுக்கிட்டே இருந்தேன். தெனம் யோசிச்சேன். கொஞ்சம் கொஞ்சமா ஞாபகம் வந்துச்சு."

அவள் பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தாள். "நீயே பாரு. வண்டி வர்றது இருக்கு. நீ ஓடி வந்து கேட்டத் தெறக்கறது இருக்கு."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு குனிந்தான். திரையில் பல்புப் பெட்டியோடு வந்தவன், காவல்காரரைப் பார்த்துச் சிரித்தான். தம்பி விரலால் நிறுத்தச் சொன்னான். அவள் நிறுத்தினாள்.

"என்ன சொன்னேன் தெரியுமா அவர்கிட்ட? 'அப்பா இருட்டுல குளிச்சிட்டிருப்பாரு, இன்னைக்காவது லேட்டு பண்ணாமப் போறேன்'னு சொன்னேன்."

"மீதியப் பாரு. அதுலதான் இருக்கு."

"வேண்டாம்க்கா."

"பாத்தாதான்டா உனக்குத் தெரியும்."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். அன்றும் இதை நம்பித்தான் அவன் சுவரைப் பார்த்தான். "ஆனா அந்தக் குழாய்ச் சத்தத்த நான் என்ன பண்ணட்டும்?"

ஒரு மெஷின் வேலை முடிந்து கத்தியது. அவன் போய் மூடியைத் திறந்து, முறுக்கிக் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தான். அவள் எழுந்துபோய் மறுமுனையைப் பிடித்தாள். ஒரு பெரிய விரிப்பு. சிறுவயதில் மாடியில் அம்மாவின் விரிப்புகளை மடித்த மாதிரியே, ஒருவரை ஒருவர் நோக்கி நடந்து முனைகளைச் சேர்த்தார்கள், விலகினார்கள், மறுபடி சேர்த்தார்கள். அவன் கை இரண்டும் வெந்நீரிலும் சோப்பிலும் ஊறித் தோல் உரிந்திருந்தன.

"வீட்டுக்கு வாடா."

"வர்றேன்."

எப்போது என்று அவள் கேட்கவில்லை. அடுத்த விரிப்பின் முனையைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினாள்.